பாலத்தைக் கடந்தால் மாறும் சொல்

ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். நெரிசல் இல்லாத நாளில் பேருந்து சில நிமிடங்களில் அதைக் கடந்துவிடும். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பிரெஞ்சு பேசும் பயணி ஒருவர் தம் வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றியாக வேண்டும். "நான் மலேசியாவில் இருக்கிறேன்" என்று சொல்ல, நாட்டின் பெயருக்கு முன்னால் 'ஆன்' என்ற சொல்லைப் போடுவார். "நான் சிங்கப்பூரில் இருக்கிறேன்" என்று சொல்லும்போது 'ஆன்' பொருந்தாது. அங்கே 'அ' என்ற சொல்லைத்தான் போடுவார்.

நமக்கு இந்தச் சிக்கலே இல்லை. மலேசியாவில், சிங்கப்பூரில் என்று இரண்டுக்கும் ஒரே 'இல்' போதும். பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு சொற்கள்? எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இலக்கணப் புத்தகமா, பேசுகிறவரா?

மொழியியல் அறிஞர்கள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்தச் சிறு சொற்களின் தேர்வில் இரண்டு கைகள் வேலை செய்கின்றன என்பது அவர்கள் கண்டறிந்தது. ஒன்று பொருள்; மற்றொன்று சமுதாயம்.

முன்னால் நிற்கும் சொல்

தமிழில் இடத்தைக் குறிக்கும் உருபு பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 'வீடு' என்பதுடன் 'இல்' சேர்ந்து 'வீட்டில்' ஆகிறது. இதை ஏழாம் வேற்றுமை உருபு என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பிரெஞ்சு மொழியில் இந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். அதனால் அதற்கு முன்னிடைச்சொல் என்று பெயர்.

பிரெஞ்சில் இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொற்கள் பல உண்டு. இந்தக் கட்டுரைக்கு ஐந்து போதும்: 'அ', 'ஆன்', 'டான்', 'சூர்', 'ஷே'. 'ஆன்', 'டான்' இரண்டிலும் கடைசி 'ன்' நாக்கைத் தொடாமல் மூக்கிலேயே கரைந்துவிடும். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிய சொற்கள்தான். ஆனால், பிரெஞ்சு கற்கும் மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்தில் மிக அதிகமாகச் சிவப்பு மை படுவது இவற்றில்தான்.

நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா?

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரண நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் பிரெஞ்சுக்காரர் 'சூர்' என்பார். அதற்கு 'மேல்' என்று பொருள். கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் 'டான்' என்பார். அதற்கு 'உள்ளே' என்று பொருள். கைப்பிடிகள் உடலை இரு பக்கமும் அணைத்துக்கொள்வதால், உட்கார்ந்தவர் அதற்குள் இருப்பதாகக் கருதப்படுகிறார்.

தெருவுக்கும் இதே கணக்குதான். இரு பக்கமும் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் நடந்தால் 'டான்'. ஊருக்கு வெளியே திறந்து கிடக்கும் சாலையில் நடந்தால் 'சூர்'. தெரு ஒரு கொள்கலம். சாலை ஒரு பரப்பு.

1986இல் குளோட் வாண்டலுவாஸ் என்ற மொழியியல் அறிஞர் பிரெஞ்சு மொழியில் இடத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வடிவியலை மட்டும் வைத்து இந்தச் சொற்களை விளக்க முடியாது என்று அவர் காட்டினார். மின்விளக்குக் குமிழின் அடிப்பகுதி மட்டுமே அதன் பிடிப்பானுக்குள் இருக்கிறது. இருந்தாலும் குமிழ் பிடிப்பானுக்கு 'உள்ளே' இருப்பதாகப் பிரெஞ்சில் சொல்லலாம். போத்தலின் வாயும் அதன் மூடிக்குள்தான் இருக்கிறது. ஆனால், போத்தல் மூடிக்கு 'உள்ளே' இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. ஏன்? பிடிப்பான் குமிழைத் தாங்கி, விழாமல் பிடித்துக்கொள்கிறது. மூடி போத்தலைத் தாங்குவதில்லை. போத்தல்தான் மூடியைத் தாங்குகிறது. எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் பேசுகிறவரின் மனம் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது.

சில நேரம் இந்தத் தேர்வு வாக்கியத்தின் பொருளையே மாற்றிவிடும். ஒருவர் சிறையில் இருக்கிறார் என்பதை 'ஆன்' போட்டுச் சொன்னால், அவர் தண்டனை அனுபவிக்கும் கைதி. 'டான்' போட்டு, 'அந்தச் சிறைக்குள்' என்று சொன்னால், அவர் மின்விசிறியைப் பழுதுபார்க்கப் போனவராகக்கூட இருக்கலாம். 'ஆன்' ஒரு நிலையைச் சொல்கிறது. 'டான்' ஒரு கட்டடத்தைச் சொல்கிறது.

தீவு சிறிதா, பெரிதா?

இப்போது மீண்டும் கடற்பாலத்துக்கு வருவோம். பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். நாடுகளும் அப்படியே. பெண்பால் நாடுகளுக்கு 'ஆன்' வரும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா ஆகியவை பெண்பால். ஆண்பால் நாட்டின் பெயர் மெய்யொலியில் தொடங்கினால் 'ஓ' வரும். வியட்னாம், லாவோஸ், கம்போடியா ஆகியவை இந்த வகை. உயிரொலியில் தொடங்கும் ஈரான் ஆண்பாலாக இருந்தும் 'ஆன்'தான் பெறும். பிலிப்பீன்ஸ் பன்மைப் பெயர் என்பதால் 'ஓ'வே சற்று வேறு எழுத்துக்கூட்டலுடன் வரும்.

சிங்கப்பூர் இந்தப் பட்டியல் எதிலும் சேராது. பாரிஸ், லண்டன் போன்ற நகரங்களுக்கு வரும் 'அ'தான் அதற்கும் வரும். 'அ' ஓர் இடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கிறது. 'ஆன்' அதைப் பரந்த நிலமாகப் பார்க்கிறது. நகரமே நாடாக அமைந்த சிங்கப்பூரும் மொனாக்கோவும் புள்ளிகளாகிவிட்டன.

அப்படியானால் எல்லாம் பரப்பளவைப் பொறுத்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. மடகாஸ்கர் உலகின் நான்காவது பெரிய தீவு. அதன் பரப்பளவு ஏறத்தாழ 587,000 சதுர கிலோமீட்டர். ஐரோப்பாவில் உள்ள பிரான்சின் நிலப்பரப்பை விடவும் அது பெரியது. இருந்தும் அதற்கு 'அ'தான். ஏறத்தாழ 110,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கியூபாவுக்கும் 'அ'. ஆனால், ஏறத்தாழ 8,700 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள கோர்சிக்கா தீவுக்கு 'ஆன்'!

ஒரு பகுதி விடை இலக்கணத்தில் இருக்கிறது. கோர்சிக்காவின் பெயர் பெண்பால். பெயருக்கு முன்னால் சுட்டுச்சொல் ஏற்கும். கியூபா, மடகாஸ்கர் ஆகிய பெயர்கள் சுட்டுச்சொல் ஏற்பதில்லை. ஆனால், அதையும் மீறி, மனிதர்கள் ஓர் இடத்தோடு கொண்டுள்ள உறவும் இந்தத் தேர்வில் கலந்திருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் பிரான்சின் காலனியாக இருந்த அது, 1946இல் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்றாக ஆனது. பழைய நூல்களில் அதற்கு முன்னால் 'அ' வருவதைப் பார்க்கலாம். இன்று பெருவழக்காக இருப்பது 'ஆன்'. தூரத்தில் தெரியும் ஒரு தீவாக அல்லாமல், மற்றப் பகுதிகளைப் போன்ற ஒரு நிலப்பகுதியாக அதைச் சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது.

ஹைட்டி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1804இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. பிரான்சில் சிலர் அந்த நாட்டின் பெயருக்கு முன் 'அ' போடுவதுண்டு. ஹைட்டி மக்கள் தங்கள் நாட்டைப் பற்றிப் பிரெஞ்சில் பேசும்போது 'ஆன்' என்றே சொல்வார்கள். அந்த நாட்டவர் காதில் 'அ' உறுத்தும். ஒரு நாட்டுக்கு எந்த முன்னிடைச்சொல் பொருந்தும் என்று கேட்டால், அந்த நாட்டு மக்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதும் விடையின் ஒரு பகுதி.

இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அதுவும் 1946இல் மாவட்டமானதுதான். ஆனால், அதற்கு 'ஆன்' வரவில்லை, 'அ'வே நிலைத்துவிட்டது. காரணம் வேடிக்கையானது. 'ரியூனியன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கூட்டம் என்றும் பொருள். 'ஆன்' போட்டால் "நான் கூட்டத்தில் இருக்கிறேன்" என்று ஆகிவிடும். விடுமுறைக்குத் தீவுக்குப் போனவர், அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல விரும்புவாரா?

'பாரிஸ் மேல்' வசிப்பவர்கள்

பொருளும் சமுதாயமும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நகரங்களுக்கு 'அ' வரும் என்று பார்த்தோம். ஆனால், அண்மைக் காலத்தில் பிரான்சில் பலர், "நான் சூர் பாரிஸ் வேலை செய்கிறேன்" என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாரிஸ் மேல்' என்று ஆகும். வேலை, வீடு, வணிகம் பற்றிய பேச்சில் இதை அடிக்கடி கேட்கலாம்.

1635இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு மொழிக் கழகம் இந்த வழக்கை ஏற்கவில்லை. 'அ' என்றே சொல்லுங்கள் என்பது அதன் அறிவுரை. இதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களும், படிக்காதவர் பேச்சு என்று ஏளனம் செய்பவர்களும் உண்டு.

ஆனால், சொல்பவரின் மனக்கண்ணில் இருப்பது என்ன? 'அ' பாரிஸை ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. 'சூர்' அதை ஒரு பரப்பாகக் காட்டுகிறது. நகரத்தின் ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் வேலை, நடுவில் புறநகர் ரயில் என்று அலைகிறவருக்கு பாரிஸ் புள்ளியாகத் தெரியுமா? பாரிஸும் அதன் சுற்றுவட்டாரமும் சேர்ந்த ஒரு வட்டாரமாகத்தான் தெரியும். இந்தப் புதிய வழக்கு அந்த வேறுபாட்டைச் சொல்ல உதவுகிறது. பள்ளித் தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் குறையும், அது வேறு. அதற்குள் ஒரு காரண காரியம் இருப்பதை மறுக்க முடியாது.

கடைக்குப் போவதிலும் இதே கதைதான். 'ஷே' என்ற சொல் லத்தீனில் வீட்டைக் குறித்த 'காசா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதனால் அது ஆளுக்கு உரியது. முடிதிருத்துநரிடம் போவதற்கு 'ஷே'. சந்தைக்குப் போவதற்கு 'அ'. இது பள்ளிப் பாடம். அன்றாடப் பேச்சில் பலர் முடிதிருத்துநருக்கும் மருத்துவருக்கும் 'அ' போட்டுவிடுகிறார்கள். அவர்கள் நினைப்பது ஆளை அல்ல, கடையையும் மருந்தகத்தையும். இந்த வழக்குக்கும் 'நாகரிகமற்ற பேச்சு' என்ற முத்திரை விழுந்திருக்கிறது.

அப்பாவோட கார்

"அப்பாவுடைய கார்" என்று கட்டுரையில் எழுதுவீர்கள். வீட்டில் "அப்பாவோட கார்" என்பீர்கள். பிரெஞ்சிலும் இப்படி இரண்டு உண்டு. உடைமையைக் காட்ட எழுத்து வழக்கில் 'டெ' என்ற முன்னிடைச்சொல் வரும். பேச்சில், குறிப்பாக உழைக்கும் மக்களின் பேச்சில், நாம் ஏற்கெனவே பார்த்த 'அ' உடைமைக்கும் வருகிறது. பள்ளியில் ஒரு பிள்ளை அப்படிப் பேசினால், அது பிழை என்று திருத்தப்படும்.

அது புதிதாக முளைத்த பிழை அல்ல. பழைய பிரெஞ்சிலேயே உடைமைக்கு 'அ' வழங்கியது. இன்றும் அதன் தடயத்தைத் திருவிழாக் கடைகளில் பார்க்கலாம். பஞ்சு மிட்டாயைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பார்ப் அ பாப்பா' என்கிறார்கள். 'அப்பாவின் தாடி' என்று பொருள். திருத்தும் ஆசிரியரும் பஞ்சு மிட்டாய் வாங்கும்போது அதே 'அ'வைத்தான் சொல்லியாக வேண்டும்!

எண்ணிப் பார்க்கும் அறிவியல்

யார் எதைச் சொல்கிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? "நீங்கள் இப்படிச் சொல்வீர்களா?" என்று நேரடியாகக் கேட்டால் பலரும் புத்தக விடையையே சொல்வார்கள். பதிவுக் கருவியைக் கண்டாலே பேச்சு மாறிவிடும். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை, அவர்களைக் கவனித்துத்தான் அறிய முடியும். இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்க மொழியியல் அறிஞர் வில்லியம் லபோவ், 'கவனிப்பவரின் முரண்' என்று பெயரிட்டார்.

இதைச் சமாளிக்க ஆய்வாளர்கள் மக்களோடு நெடுநேரம் இயல்பாகப் பேசி, அதைப் பதிவு செய்கிறார்கள். கனடாவின் மொன்ட்ரியால் நகரில் 1971இல் கில்லியன் சாங்காஃப், ஹென்ரியேட்டா செடர்கிரென் ஆகியோர் 120 பேரின் பிரெஞ்சுப் பேச்சை இவ்வாறு திரட்டினார்கள். பிறகு எண்ணும் வேலை. 'அ', 'டெ' இரண்டில் எதுவும் வரக்கூடிய இடங்கள் அனைத்தையும் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். எது எத்தனை முறை வந்தது என்று கணக்கிட வேண்டும். வயது, தொழில், கல்வி ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். குழப்பமாகத் தோன்றிய பேச்சில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

1978இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஆய்வு நம்மையும் யோசிக்க வைப்பது. ரேமோன் மூஜோனும் எட்வார்ட் பெனியாக்கும் உங்கள் வயதை ஒத்த நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களின் பேச்சை ஆராய்ந்தார்கள். அந்த மாணவர்கள் பிரெஞ்சு மொழிப் பள்ளிகளில் படித்தவர்கள், ஊர்கள் வேறு. ஹாக்ஸ்பரியில் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மை. பெம்புரோக்கில் அவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு, சுற்றிலும் ஆங்கிலம்.

வீட்டிலும் வெளியிலும் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்களிடம், குறிப்பாகத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளிடம், உடைமையைக் காட்டும் 'அ' உயிரோடு இருந்தது. பெரும்பாலும் ஆங்கிலம் பேசி, பள்ளியில் மட்டுமே பிரெஞ்சைப் புழங்கியவர்களிடம் அது ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அவர்கள் வாயில் வந்தது ஆசிரியர் சொல்லிக்கொடுத்த 'டெ' மட்டுமே.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால், பிரெஞ்சை மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள்தான் முதலிடம் பெறுவார்கள்! அவர்கள் மொழியில் வல்லவர்கள் என்பதா இதன் பொருள்? இல்லை. பாட்டி வீட்டிலும் திடலிலும் கேட்டிருக்க வேண்டிய பேச்சை அவர்கள் கேட்கவே இல்லை. மொழியின் ஓர் அறை அவர்களுக்குத் திறக்கவில்லை. 'பிழை' என்று திருத்தப்பட்ட அந்தச் சொல், உண்மையில் ஒரு மொழி வீட்டுக்குள் வாழ்கிறது என்பதற்கான அடையாளமாக இருந்திருக்கிறது.

அப்படியானால் தேர்வில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா? கூடாது. எழுத்து வழக்கு பல ஊர்க்காரர்களையும் பல தலைமுறைகளையும் இணைக்கும் பொது வழி. அதைக் கற்றே ஆக வேண்டும். பிரெஞ்சு படிக்கும் மாணவர் சிங்கப்பூருக்கு 'அ' என்றும் மலேசியாவுக்கு 'ஆன்' என்றும் எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும். ஆனால், வேறு விதமாகப் பேசுகிறவரைக் கண்டு சிரிப்பதற்கு முன், அவர் அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறார், எந்த வீட்டில் வளர்ந்தார் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த வாரம் நீங்களே ஒரு சிறு ஆய்வு செய்யலாம். நம் வீடுகளில் 'அப்பாகிட்ட' என்பதும் 'அப்பாவிடம்' என்பதும் வழங்குகின்றன. 'ஓட'வும் 'உடைய'வும் வழங்குகின்றன. தாத்தா பாட்டியின் பேச்சில், தமிழ் வானொலிச் செய்தியில், வகுப்பறையில், நண்பர்களின் அரட்டையில் எது எத்தனை முறை வருகிறது என்று ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். வார இறுதியில் கூட்டிப் பாருங்கள். கடைசியாக, உங்கள் சொந்தப் பேச்சையும் எண்ணுங்கள். அதுதான் சற்றுக் கடினம். லபோவ் சொன்ன முரண் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும்.